பதினொண்ணாப் போன ஒரு புள்ளி

எங்க ஊட்டுல ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி இருந்துச்சு. மூடி நசுங்கி, ஒரு பக்கமா அமுத்தினாத்தான் மூடும். எங்க ஊட்டுக்கும் அண்ணன் ஊட்டுக்கும் நடுவுல அது நடந்த நடை, நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்ததவிட அதிகம். அம்மா அதுல கொள்ளுப்பருப்பு கடைஞ்சு குடுத்து அனுப்புவாங்க. திரும்பி வாரப்ப அந்தப் போசி ஒரு நாளும் வெறுமையா வந்ததில்ல. ஒரு கை முருங்கக்கீரை இருக்கும், இல்லீன்னா ரெண்டு தக்காளி, ஒரு துண்டு கருப்பட்டி. ஒருக்கா தொறந்து பாத்தா நாலு பச்சமொளகா மட்டும் உருண்டுட்டுக் கெடந்துச்சு. ஊட்டுல வேற ஒண்ணும் இல்லாத நாள் போல. அனுப்பினவங்க என்ற அண்ணன் பொண்டாட்டி. எங்க பக்கம் அண்ணன் பொண்டாட்டிய நங்கைன்னு சொல்லுவோம். ஏனத்த வெறுமையாத் திருப்பிக் குடுக்கறது கொங்கு நாட்டுல பாதி ஊட்டுல நடக்காத காரியந்தான். ஆனா எங்க நங்கை அந்தப் பழக்கத்த சூரியன் வரைக்கும் கொண்டுட்டுப் போனாங்க.

அது தொண்ணூத்தாறாம் வருசம். நான் கோயமுத்தூர்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல வேலையில இருந்தேன். வேலைன்னு நாஞ்சொல்லுவேன், எங்க முதலாளி வேற வார்த்தை வெச்சிருந்தாரு. கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கறது, சாயங்காலம் பசங்களுக்குப் பாடம் எடுக்கறது, பிரிண்டர்ல பேப்பர் சிக்குனா ஸ்கேலால தள்ளறது, இதுல மூணாவதுல மட்டும் எனக்கு நல்ல பேரு இருந்துச்சு. அந்த வருசம் முதலாளி ஒரு மோடம் வாங்கிப்போட்டாரு. மெட்ராசுக்கு எஸ்.டி.டி. போட்டு, அது கொக்கரிச்சு, கீச்சுக் கீச்சுன்னு கத்தி, அதிர்ஷ்டம் இருந்தா இன்டர்நெட்டு வரும். படமெல்லாம் கெடையாது. கருப்புத் திரையில எழுத்து மட்டுந்தான். லைன் கெடச்ச நொடியில இருந்து முதலாளி சுவத்துக் கடிகாரத்தப் பாத்துட்டே நிப்பாரு, பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கற புருசனாட்ட.

நங்கைக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் கொப்பரைக் களம். பேருக்கு அது அண்ணன் களம். தேங்காய உடைச்சுக் காயப்போட்டு, பெரட்டி, தரம் பிரிச்சு, கோயமுத்தூர்ல எண்ண மில்லுக்காரங்களோட மாசத்துக்கு ஒருக்கா வந்து மல்லுக்கட்டறது எல்லாம் நங்கைதான். அண்ணன் களத்தோரமா நாற்காலி போட்டு உக்காந்து காக்காய வெரட்டுவாரு. கொப்பரை காயவெக்கறவங்களுக்கு வெயில்தான் முதல். அதனால ஒரு நாள் ரேடியோவுல, சூரியன்ல கரும்புள்ளி வரும், பதினொரு வருசத்துக்கு ஒருக்கா ஏறி எறங்கும், இப்ப அடிமட்டத்துல இருக்குதுன்னு யாரோ பேசுனத நங்கை காதுகுடுத்துக் கேட்டிருக்கறாங்க. அடுத்த வாட்டி கோயமுத்தூர் வந்தப்ப நேரா எங்க சென்டருக்கு வந்துட்டாங்க.

"ஏனுங்க கொழுந்தனாரே, அந்தப் புள்ளிக்கணக்கு எங்கீங்க கெடைக்கும்? ஏறுனா வெயில் கூடுமா கொறையுமான்னு பாக்கோணும்."

கூட வந்த அண்ணன் சிரிச்சாரு. "அதெல்லாம் கவருமெண்டு ரகசியமாட்டத்தான் வெச்சிருப்பாங்க. லெட்டர்ஹெட்ல எழுதி, சீல் வெச்சு, மேல யாரையாவது புடிச்சாத்தான் கண்ணுலயே காட்டுவாங்க. உனக்கு எதுக்கு?"

நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா தேடிப் பாத்தா, ஐரோப்பாவுல ஒரு வான ஆராய்ச்சி நிலையத்துல அந்தக் கணக்கு சும்மா கெடந்துச்சு. பூட்டு இல்ல, லெட்டர்ஹெட் இல்ல. உள்ள போறப்ப பேரு கேக்கும். அதுக்கு 'பேரில்லாதவர்'னு இங்கிலீசுல அடிச்சாப் போதும், உட்டுரும். அந்தக் காலத்துல உலகம் பூரா அதுதான் வழக்கம். உலகத்துல யாரு வேணும்னாலும் வந்து அள்ளிக்கலாம்.

இத நான் பெருமையாச் சொன்னேன். நங்கைக்கு அது ஒப்பல. "பேரில்லாதவங்கன்னு சொல்லீட்டு உள்ள போறதுங்களா? அடுத்தவிய ஊட்டுக்குள்ள போனா வாசல்லயே ஏனுங்கன்னு கூப்புட்டுப் போட்டுத்தானுங்களே போவோணும்? என்ற பேர அடிங்க."

"பேரு அடிச்சா உள்ள உடாதுங்க நங்கை."

"பேரு சொன்னா உடமாட்டீங்கறாங்க, சொல்லாட்டி உடறாங்க. என்னங்க ஊரு அது?"

எங்க முதலாளி கடிகாரத்தப் பாத்துட்டே, "அம்மணி, ஊரப் பத்தி அப்பறம் பேசிக்கலாமுங்க, மீட்டர் ஓடுதுங்க," அப்பிடின்னாரு.

இருநூறு வருசத்துக்கு மேலான கணக்கு, மாசாமாசம் எத்தனைன்னு, வெறும் எண்ணு. அத எங்க பிரிண்டர்ல போட்டேன். ஓரத்துல ஓட்டை போட்ட நீளப் பேப்பர், ஒண்ணோட ஒண்ணு மடிஞ்சு மடிஞ்சு விழுந்துட்டே இருந்துச்சு. நங்கை அத கல்யாணச் சேலையாட்ட மடிச்சு மஞ்சப்பையில வெச்சுட்டுப் போனாங்க.

அடுத்த ஞாயித்துக்கெழமை நான் உடுமலை போனப்ப, களத்துல ஒரு பக்கம் கொப்பரை காயுது, இன்னொரு பக்கம் கொட்டாங்குச்சி அடுக்கி வெச்சிருக்குது. ஒவ்வொரு வருசத்துக்கும் ஒரு அடுக்கு. புள்ளி நெறைய இருந்த வருசத்துக்கு ஒசரமா, கொறைஞ்ச வருசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ. தள்ளி நின்னு பாத்தா, களத்தோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் அலை அலையா ஏறி எறங்கிப் போகுது. அந்த எண்ணையெல்லாம் டவுன்லோடு பண்ணினவன் நான். பிரிண்ட் போட்டவன் நான். அதுக்குள்ள இப்பிடி ஒரு அலை இருக்குதுன்னு நான் பாக்கவே இல்ல.

கொப்பரை பெரட்டற பொம்பளைங்க எல்லாம் வேலையப் போட்டுட்டுச் சுத்தி நின்னாங்க. அதுல மூத்தவங்க ஒருத்தங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்க, இருக்கறதுலயே ஒசரமான அடுக்கக் காட்டி, "அம்மணி, இது எந்த வருசமுங்க?"ன்னு கேட்டாங்க.

"அம்பத்தேழுங்க."

"அட, என்ற பெரியவன் பொறந்த வருசமுங்க! அதுதான் அவன் இந்த ஆட்டம் ஆடறான்."

அப்பறம் ஆளாளுக்கு வருசம் கேட்டாங்க. கெணறு வெட்டுன வருசம், பஞ்சம் வந்த வருசம், புருசன் ஓடிப்போன வருசம். நங்கை அவங்க கல்யாண வருசத்தத் தேடிப் புடிச்சாங்க. எழுபத்தாறு, அடிமட்டம். "பாருங்க, நம்ம கல்யாணம் பள்ளத்துல கெடக்குது"ன்னு அண்ணனப் பாத்துச் சொன்னாங்க. நான் பொறந்த வருசம் எறக்கத்துல இருந்துச்சு. அதுக்கு அண்ணன் துளிக்கூட ஆச்சரியப்படல.

இத இப்ப நெனச்சா எனக்குத் தோணறது இதுதான். அந்தக் கணக்கு உலகத்துக்கே தொறந்து கெடந்துச்சுன்னு சொன்னேனல்ல, அது பாதி நெசம். அந்தக் கதவு இருக்குதுன்னு தெரியோணும், லைன் கெடைக்கோணும், இங்கிலீசு தெரியோணும், கடிகாரத்தப் பாத்துட்டாவது லைன் குடுக்கற முதலாளி வேணும். இத்தனையும் தாண்டி வந்தும் அது பேப்பர்ல எண்ணாத்தான் கெடந்துச்சு. அந்தப் பொம்பளைங்களுக்கு அது தொறந்தது கொட்டாங்குச்சி அடுக்குன அன்னைக்குத்தான்.

நங்கை தேடுன பதில் என்னமோ கெடைக்கல. மழை வருசம், வெயில் வருசம் எல்லாம் ஞாபகப்படுத்தி அலையோட வெச்சுப் பாத்தாங்க. ஒண்ணும் ஒத்துவல்ல. "சூரியனுக்கும் நம்ம கொப்பரைக்கும் இந்த விசயத்துல பேச்சுவார்த்தை இல்லீங்க"ன்னு முடிச்சுட்டாங்க. சரி, சோலி முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஆனா, "சும்மா வாங்கீட்டோமுங்களே, ஒரு வார்த்த சொல்லோணுமல்ல," அப்பிடின்னாங்க. சரின்னு அந்த நிலையத்துக்கு ஒரு நன்றிக் கடுதாசி இ-மெயில்ல போட்டேன், நங்கை பேர்லயே. அதுக்குப் பதில் வந்துச்சு. எங்களுக்குக் கணக்கு அனுப்பறவங்கள்ல பாதிப்பேரு ஊட்டுல சின்ன டெலஸ்கோப் வெச்சுப் பாக்கற சாதாரண ஆளுங்கதான், உங்க ஊர்ல இருந்து யாரும் இல்ல, முடிஞ்சா நீங்களும் எண்ணி அனுப்புங்கன்னு எழுதியிருந்தாங்க.

நங்கை மொகத்தப் பாக்கோணுமே. போசி திருப்பிக் குடுக்க வழி கெடச்சுப்போச்சு.

ஏதோ காலேஜ் லேப்ல கழிச்சுக்கட்டுன ஒரு சின்ன டெலஸ்கோப்ப நான் தேடிப் புடிச்சுக் குடுத்தேன். கண்ண வெச்சுப் பாத்தா கண்ணு போயிரும். அதனால சூரியனப் பாத்துத் திருப்பி வெச்சு, பின்னால வெள்ளட்டையப் புடிக்கோணும். அட்டையில சூரியன் ஒரு சாசர் அளவுக்கு விழும். அதுல புள்ளி இருந்தா பென்சில் முனையில தொட்டாப்பல தெரியும். அது சூரியன்ல இருக்கற புள்ளியா, கண்ணாடியில இருக்கற தூசியான்னு சந்தேகம் வந்தா, கண்ணாடியத் திருகிப் பாக்கோணும். கூடவே சுத்துனா தூசி. நங்கை தெனமும் காலையில கொப்பரைய விரிச்சுப் போட்டதும் இந்தச் சோலியப் பாத்தாங்க. மாசக் கடைசியில கோயமுத்தூர் வந்து கணக்கச் சொல்லச் சொல்ல நான் அடிச்சு அனுப்புவேன். சில மாசத்துல அந்த நிலையத்துக்காரங்க கணக்கு அனுப்பறவங்க பட்டியல வெளியிட்டாங்க. அதுல எங்க நங்கை பேரு இருந்துச்சு. பக்கத்துல ஊர் பேரு, உடுமலைப்பேட்டை. நான் அத பெரிய எழுத்துல பிரிண்ட் போட்டுக் குடுத்தேன். காக்கா வெரட்டற நாற்காலியில உக்காந்துட்டு, அண்ணன் அத வார போற எல்லாத்துக்கும் காட்டுனாரு. கவருமெண்டு ரகசியம்னு சொன்ன அதே மனுசன். ஊர்ல ஒரு சங்கத்துக்காரங்க ஆண்டுவிழாவுல நங்கைக்குப் பொன்னாடை போத்தறதுன்னு முடிவு பண்ணீட்டாங்க. அண்ணன் புதுச் சட்டை தைக்கக் குடுத்துட்டாரு. பொன்னாடை என்னமோ நங்கைக்குத்தான்.

அந்தச் சமயத்துல ஒரு மெயில் வந்துச்சு. நங்கை அன்னைக்கு சென்டர்ல பக்கத்து நாற்காலியிலதான் உக்காந்திருந்தாங்க. நான் படிச்சுப் படிச்சுத் தமிழ்ல சொன்னேன். ரொம்ப மரியாதையா எழுதியிருந்தாங்க. சூரியன் சுத்தமா வெறுமையா இருக்குதுன்னு மத்தவங்க எல்லாரும் சொல்ற நாள்ல, உங்க கணக்குல மட்டும் ஒரு புள்ளி வருது, பல நாள் வருது. கண்ணாடியில தூசி இருக்கலாம், கொஞ்சம் பாருங்க. புள்ளி இல்லாத நாளும் எங்களுக்குப் புள்ளி இருக்கற நாளாட்டமே முக்கியம்.

"ஒரு தொடை தொடைச்சுப் பாருங்க நங்கை"ன்னு சொன்னேன்.

நங்கை சேலைத் தலப்ப விரல்ல சுத்திட்டே இருந்தாங்க. "தூசி இல்லீங்க கொழுந்தனாரே. நாந்தான் வெச்சேன்."

"எதுக்குங்க?"

"அவிய இருநூறு வருசத்த அள்ளிக் குடுத்திருக்கறாங்க. நாம மாசம் பூராவும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு எழுதி அனுப்புனா நல்லாவா இருக்கும்? ஒரு புள்ளிதானுங்களே. மொகம் வாடாம இருக்கட்டும்னு வெச்சேன்."

நான் சிரிச்சுட்டேன். சத்தமா. உலகத்துல எத்தனையோ பேரு எத்தனையோ காரணத்துக்குக் கணக்கத் திருத்தியிருப்பாங்க. மரியாதைக்காகத் திருத்துனது எங்க நங்கை ஒருத்தங்களாத்தான் இருக்கும். சூரியன் ஒண்ணும் குடுக்காத வருசத்துல, போசியில நாலு பச்சமொளகாயப் போட்டு அனுப்பியிருக்கறாங்க.

சிரிச்சு முடிச்சு மெயில்ல மீதியப் படிச்சேன். அதுல இன்னொரு விசயம் இருந்துச்சு. அவங்க கணக்குல புள்ளிய மட்டும் எண்ணறதில்ல. புள்ளிங்க கூட்டமா வருமல்ல, ஒவ்வொரு கூட்டத்துக்கும் பத்து, அப்பறம் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒண்ணு. தனியா நிக்கற ஒரே புள்ளியும் ஒரு கூட்டந்தான். அதனால ஒரு புள்ளின்னு எழுதுனா அது பத்தும் ஒண்ணும் பதினொண்ணு. நங்கை மரியாதைக்கு வெச்ச ஒவ்வொரு புள்ளியும் அங்க போயி பதினொண்ணா நின்னிருக்குது.

நங்கை மொகம் மாறிப்போச்சு. "பதினொண்ணுங்களா?"

"உடுங்க நங்கை. தூசின்னு அவங்களே சொல்லீட்டாங்களே. ஆமாங்க, தூசிதான், தொடைச்சுட்டோம்னு ஒரு வரி எழுதிருவோம். முடிஞ்சுது."

"தூசின்னு சொன்னா நம்பீருவாங்களா?"

"கட்டாயம் நம்பீருவாங்க."

"அதுதானுங்க எனக்கு ஒரு மாதிரியா இருக்குது."

சரி, எந்தெந்த நாள் வெச்சீங்க, அத மட்டும் சொல்லுங்க, எடுத்துரச் சொல்லலாம்னு கேட்டேன். அதுதான் நங்கைக்கு ஞாபகம் இல்ல. நெசமா இருந்த புள்ளியும் இருக்குது, இவங்க வெச்ச புள்ளியும் இருக்குது, ரெண்டும் கலந்துபோச்சு. அப்ப அத்தனை மாசத்தையும் தூக்கிப் போடச் சொல்றதத் தவிர வழியில்ல. தெனமும் காலையில களத்துல நின்னு பாத்த அத்தனையும். பட்டியல்ல இருந்து பேரும் போயிரும். ஆண்டுவிழாவுக்கு அழைப்பிதழ் அச்சாயிருச்சு. நானே அடிச்சுக் குடுத்தது.

சாயங்காலம் நானும் நங்கையோட களத்துக்குப் போனதும் அண்ணன் எங்க ரெண்டு பேரையும் புடிபுடின்னு புடிச்சாரு. "ஒரு புள்ளிக்கு யாராவது ஊரக் கூட்டித் தண்டோராப் போடுவாங்களா? சூரியன் என்ன நம்ம மேல கேசு போடப் போகுதா?"

நங்கை கொப்பரைய மூட்டையில அள்ளிப் போட்டுட்டே பதில் சொன்னாங்க. "ஈரக்கொப்பரை ஒண்ணு உள்ள போயிருச்சுன்னா நாம என்னங்க பண்ணுவோம்? மூட்டையக் கொட்டித்தானுங்களே தேடுவோம்? தேடியும் தெரியலீன்னா அந்த மூட்டைய நல்லதுன்னு சொல்லி மில்லுக்கு அனுப்புவீங்களா? மில்லுக்காரனாச்சும் பிரிச்சுப் பாத்து வாங்குவான். இது யாரு வேணும்னாலும் வந்து எடுத்துக்கங்கன்னு தொறந்து வெச்சிருக்கறது. எடுக்கறவன் பிரிச்சுப் பாக்கமாட்டான். நம்ம பேரப் பாத்துத்தான் எடுப்பான்."

அண்ணன் புதுச் சட்டையப் பத்தி ஏதோ முனகிட்டே வந்து மூட்டை வாயப் புடிச்சுக்கிட்டாரு.

மறுநாள் சென்டருக்கு வந்து மெயில் போட்டோம். இங்கிலீசு என்னோடது, விசயம் நங்கையோடது. வெறுமையான நாள்ல நானாத்தான் ஒரு புள்ளி எழுதினேன், எந்த நாள்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல, இதுவரைக்கும் அனுப்புனத எல்லாம் எடுத்துருங்க, மன்னிக்கோணும். இவ்வளவுதான். காரணத்தையும் எழுதலாமே நங்கை, எங்க ஊர்ல இப்படி ஒரு பழக்கம்னு சொன்னாப் புரிஞ்சுக்குவாங்களேன்னு கேட்டேன். "காரணம் எதுக்குங்க, தப்புதானுங்களே"ன்னு சொல்லீட்டாங்க. சங்கத்துக்காரங்க ஊட்டுக்கும் நங்கையே போயிச் சொல்லீட்டு வந்தாங்க. அவங்களுக்கு ஒண்ணும் புரியல. இருந்தாலும் பொன்னாடைய வேற யாருக்கோ போத்தீட்டாங்க. ஊர்ல பொன்னாடைக்கு ஆள் பஞ்சமே இல்ல.

பதிலக் காணோம். ஒரு வாரம் போச்சு, அப்பறமும் வல்ல. நான் தெனமும் லைன் போட்டுப் பாக்கறதும் முதலாளி கடிகாரத்தப் பாக்கறதுமா இருந்துச்சு. இனி இவங்கள சேத்துக்கமாட்டாங்கன்னு எனக்குள்ள முடிவே பண்ணீட்டேன். நங்கை மட்டும் காலையில அட்டையப் புடிக்கறத நிறுத்தல. எதுக்குங்க இன்னும்னு கேட்டா, "அவிய வேண்டாம்னு சொல்ற வரைக்கும் பாக்கறதுங்க" அப்பிடின்னாங்க. கடைசியில சின்னதா ஒரு பதில் வந்துச்சு. சொன்னதுக்கு நன்றி. பழைய மாசங்கள எடுத்துட்டோம். அடுத்த மாசத்துல இருந்து புதுசா ஆரம்பிக்கலாம், காத்துட்டிருக்கறோம்.

நங்கை போயி இப்ப சில வருசம் ஆச்சு. முடியற வரைக்கும் அனுப்பிட்டேதான் இருந்தாங்க. இன்னைக்கு என்ற மக போன எடுத்து ஒரு தட்டு தட்டுனா, இந்த நிமிசத்துச் சூரியன் உள்ளங்கையில நிக்குது. ஆகாசத்துல நிக்கற கேமரா எடுத்தது, யாரு வேணும்னாலும் பாத்துக்கலாம். மீட்டர் இல்ல, கொக்கரிக்கற மோடம் இல்ல. நானும் வெச்சிருக்கறேன் அதே போன. அதுல முக்கால்வாசி நேரம் அடுத்தவன் நாய்க்குட்டி வீடியோ பாக்கறேன். அந்தப் புள்ளிக்கணக்கும் இன்னும் அங்கயேதான் இருக்குது, தொறந்தே இருக்குது. போன மாசம் போயிப் பாத்தேன். மாசத்துக்கு ஒரு எண்ணு. அத யாரு யாரு எண்ணுனாங்கன்னு அந்த எண்ணப் பாத்தாத் தெரியாது. எத்தனையோ ஊர்ல எத்தனையோ பேரு காலங்காத்தால பாத்தது எல்லாம் அதுல கரைஞ்சு கெடக்குது. எடுக்கற நான் பிரிச்சுப் பாக்கல. நங்கை சொன்னது அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. அங்க கெடக்கறது வெறும் எண்ணு இல்ல. மொகம் தெரியாத யாரோ ஒருத்தன் என்னய ஏமாத்தமாட்டான்னு நெனச்சுத்தான் நான் கைய நீட்டறேன்.

புதுசா ஆரம்பிச்ச முதல் மாசத்துக் கணக்கக் கொண்டுட்டு நங்கை வந்த நாள் எனக்கு இன்னும் தெளிவா ஞாபகம் இருக்குது. அந்த மாசம் பூராவும் உடுமலையில நல்ல வெயில், அட்டையில ஒரு புள்ளிகூட விழுகல. நங்கை பக்கத்துல உக்காந்து தேதியச் சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். சைபர். சைபர். சைபர். நடுவுல ஒரு இடத்துல நங்கை நிறுத்துனாங்க. நான் திரும்பிப் பாத்தேன். கண்ண மூடி என்னமோ யோசிச்சாங்க, அப்பறம், "ஆமாங்க, அன்னைக்கும் ஒண்ணுமில்ல. அடிங்க"ன்னாங்க. கடிகாரத்தப் பாத்துட்டிருந்த எங்க முதலாளி எங்களுக்குப் பின்னால வந்து நின்னு திரைய எட்டிப் பாத்தாரு.

"என்னங்க அம்மணி, மேல இருந்து கீழ வரைக்கும் வெறும் சைபரா இருக்குது? இத அனுப்பறதுக்கா மெட்ராசுக்கு லைன் போட்டிருக்குது?"

நங்கை திரும்பாம, திரையில இருந்த அந்த வரிசையப் பாத்துட்டே சொன்னாங்க.

"ஆமாங்க. அத்தனையும் நானே பாத்ததுங்க."